லண்டன் தெருவில் ஒரு சங்கீதச் சண்டை

சரித்திரத்தில் மண்ணுக்காகச் சண்டை நடந்திருக்கிறது, பொன்னுக்காக நடந்திருக்கிறது, பெண்ணுக்காகவும் நடந்திருக்கிறது. காதுக்காக நடந்த சண்டையைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் அதிகமாக எழுதுவதில்லை. அப்படிப்பட்ட சண்டை ஒன்று 1864-ம் வருஷம் லண்டன் மாநகரில் நடந்தது. ஒரு பக்கத்தில் இங்கிலாந்தின் பெரிய பெரிய மேதைகள் அணிவகுத்து நின்றார்கள். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், ஆஸ்தான கவி டென்னிஸன், சரித்திர ஆசிரியர் கார்லைல், கணித மேதை சார்லஸ் பாபேஜ் ஆகியோர் அந்த அணியில் இருந்தார்கள். எதிர்ப் பக்கத்தில் நின்றவன் ஓர் இத்தாலியப் பையன். அவனிடம் ஆயுதம் எதுவும் கிடையாது. கழுத்தில் வாரைப் போட்டு ஒரு பெட்டியைத் தொங்கவிட்டிருந்தான். அதன் பிடியைப் பிடித்துச் சுற்றினால் பாட்டு வரும். அவ்வளவுதான்.

யார் ஜயித்தார்கள் என்று கேட்பீர்கள். பார்லிமெண்டில் மேதைகள் ஜயித்தார்கள். தெருவில் யார் ஜயித்தார்கள் என்பதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. முழுக் கதையையும் கேட்ட பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்.

முதலில் சண்டை நடந்த இடத்தைப் பார்த்துவிடுவோம். 1861-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி லண்டனில் சுமார் 28 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். உலகத்திலேயே பெரிய நகரம் அது. நடுத்தர வகுப்பார் குடியிருந்த தெருக்களில் வீடுகள் பக்கச் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் அகலத்தில் குறுகி, உயரத்தில் நாலைந்து மாடி ஓங்கியிருக்கும். சமையலறை தெரு மட்டத்துக்குக் கீழே இருக்கும். அதற்கு முன்னால் கிணறு போல ஒரு சின்ன முற்றம். அதைச் சுற்றி இரும்புக் கிராதி. சமையற்காரியும் வேலைக்காரப் பெண்ணும் விடிந்ததிலிருந்து இரவு வரைக்கும் அந்தப் பள்ளத்தில்தான் உழைப்பார்கள். தெருவில் போகிறவர்களின் கால்கள்தாம் அவர்கள் கண்ணில் படும் உலகம். நடு மாடியில் எஜமானரின் படிப்பறை அல்லது எஜமானியின் வரவேற்பறை. உச்சியில் குழந்தைகளின் அறை. ஆக, தெருவில் எழும் ஒரே சத்தம், ஒரே வீட்டுக்குள் மூன்று விதமான காதுகளில் போய் விழும். இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மகா பணக்காரர்களின் சதுக்கங்களில் இந்தச் சங்கடம் குறைவு. நடுவில் உள்ள தோட்டத்துக்குப் பூட்டு உண்டு. சாவி குடியிருப்பவர்களிடம் மட்டும் இருக்கும். சில பிரபுக்களின் நிலத்தில் தெரு முனையிலேயே கதவு போட்டுக் காவலாளை நிறுத்தியிருந்தார்கள். சரக்கு வண்டியும் கூவி விற்கிறவர்களும் உள்ளே நுழைய முடியாது. அந்தக் கதவுகள் 1890-களில்தான் சட்டம் போட்டு அகற்றப்பட்டன. அமைதியை விலை கொடுத்து வாங்க முடிந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஏழைகளின் சந்துகளில் அமைதி வேண்டுமென்று கேட்பாரே இல்லை. நடுவில் அகப்பட்டுக்கொண்டவர்கள் நடுத்தர வகுப்பார்.

அந்தத் தெருக்களில் என்னென்ன சத்தங்கள் கேட்டன என்பதற்கு நல்ல சாட்சி ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர். லண்டனின் தெருத் தொழிலாளிகளைத் தேடிப் போய், அவர்கள் வாயாலேயே அவர்கள் கதையைச் சொல்ல வைத்து, 1851-ம் வருஷத்திலும் பிறகு 1861-62-லும் பெரிய பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். பால்காரி, மீன்காரன், கீரை விற்கும் சிறுமி, கத்தி சாணை பிடிக்கிறவன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கூவல் உண்டு. சொற்கள் தேய்ந்து போய் ராகம் மட்டும் மிஞ்சியிருக்கும். அந்த ராகத்தைக் கொண்டே யார் வருகிறார் என்று வீட்டுப் பெண்கள் தெரிந்துகொள்வார்கள். 1839-ம் வருஷத்துப் போலீஸ் சட்டம், சரக்கு விற்பதற்காகக் கொம்பு ஊதுவதையும் சத்தம் போடும் கருவிகளை உபயோகிப்பதையும் தடுத்திருந்தது. தொண்டையைத் தடுக்க முடியவில்லை.

இவர்களோடு வாத்தியக்காரர்கள் சேர்ந்துகொள்வார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த பித்தளை வாத்திய கோஷ்டி, ஸ்காட்லாந்துப் பை-நாதஸ்வரம், பிடில், யாழ். நம் தேசத்திலிருந்து போய் வயிற்றுப் பிழைப்புக்காக லண்டன் தெருவில் மத்தளம் தட்டியவர்களைப் பற்றியும் மேஹ்யூ எழுதியிருக்கிறார். கப்பலேறிப் போன அந்த மனிதர்கள் எந்த ஊரில் கற்ற தாளத்தை அந்தப் பனியில் நின்று தட்டினார்களோ!

ஆனால் இத்தனை பேரிலும் அதிகமான வசவை வாங்கிக் கட்டிக்கொண்டவன் ஆர்கன் பெட்டிக்காரன்தான். அந்தப் பெட்டிக்குள் ஒரு மர உருளை இருக்கும். உருளையின் மேல் சின்னச் சின்னப் பித்தளை முளைகள் அடித்திருப்பார்கள். வெளியே உள்ள பிடியைச் சுற்றினால் உருளையும் சுழலும்; துருத்தியும் காற்றை அடிக்கும். முளை எந்தக் கட்டையைத் தூக்குகிறதோ அந்தக் குழாய் பாடும். உருளையை ஓர் இம்மி நகர்த்தி வைத்தால் வேறு பாட்டு. எட்டு அல்லது ஒன்பது பாட்டுகள். அதற்கு மேல் கிடையாது. காலையில் கேட்ட பாட்டையே மாலையிலும் கேட்க வேண்டும். தாளம் தப்பாது, சுருதி தப்பினால் திருத்த ஆள் கிடையாது.

வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் இத்தாலியில் பார்மா, லூக்கா பிரதேசங்களின் மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். நிலம் சோறு போடாததால் ஊரை விட்டுக் கிளம்பினவர்கள். பலர் நடந்தே பிரான்ஸைக் கடந்து வந்தார்கள். லண்டனில் ஸாப்ரன் ஹில் என்ற நெருக்கடியான பகுதியில் ஒரு மேஸ்திரியின் கீழ்த் தங்குவார்கள். பெட்டி மேஸ்திரியுடையது, வாடகை கொடுக்க வேண்டும். சிறு பையன்களாக இருந்தால் கிடைத்த காசை அவனிடமே ஒப்படைக்க வேண்டும். ஒரு தெருவில் காசு கிடைக்காவிட்டால் அடுத்த தெரு. அங்கேயும் கிடைக்காவிட்டால் அன்று இரவு என்ன நடக்கும் என்பது பையனுக்குத்தான் தெரியும். ஆகையால் "நகரு" என்றால் சீக்கிரம் நகரமாட்டான். சில வீடுகளில் வாசிப்பதற்காகக் காசு கொடுத்தார்கள். சில வீடுகளில் வாசிக்காமல் போவதற்காகக் காசு கொடுத்தார்கள். இரண்டாவது வகைக் காசு சற்றுக் கனமாகவே இருக்கும் என்பதைப் பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இப்பொழுது எதிர்க் கட்சிக்கு வருவோம்.

மேரில்போன் பகுதியில் டார்செட் தெரு, 1-ம் நம்பர் வீடு. அங்கே குடியிருந்தவர் சார்லஸ் பாபேஜ். 1791-ம் வருஷம் பிறந்தவர். நியூட்டன் ஒரு காலத்தில் வகித்த கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் பதவியை 1828 முதல் 1839 வரை வகித்தவர். பெருக்கல், கழித்தல் கணக்குகளை மனிதன் செய்தால் தப்பு வரும். யந்திரம் செய்தால் வராது என்று சொல்லி, பல்சக்கரங்களால் ஆன ஒரு கணக்கு யந்திரத்தைக் கட்ட முனைந்தார். சர்க்கார் 17,000 பவுனுக்கு மேல் செலவழித்துவிட்டு, 1842-ல் கையை விரித்துவிட்டது. அதற்குள் அவர் மனத்தில் அதைவிடப் பெரிய யந்திரம் ஒன்று உருவாகியிருந்தது. அதையும் அவர் கட்டி முடிக்கவில்லை. ஆயிரக்கணக்கான சக்கரங்களின் அசைவை மனத்துக்குள்ளேயே ஓடவிட்டுப் பார்க்க வேண்டிய வேலை அது. ஒரு கணம் கவனம் சிதறினால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வாழ்க்கையும் அவரிடம் கருணை காட்டவில்லை. 1827-ம் வருஷம் ஒன்றிலேயே தகப்பனாரையும் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தார். அதற்குப் பிறகுதான் டார்செட் தெரு வீட்டுக்கு வந்தார். கடைசி வரைக்கும் அந்த வீடும் அந்த வேலையுந்தான் அவருக்குத் துணை. அவர் வந்தபோது அது அமைதியான தெருவாகத்தான் இருந்தது. பிறகு பக்கத்தில் வாடகை வண்டிப் பேட்டை ஒன்று வந்தது. பேட்டை வந்தால் வண்டிக்காரர்களுக்குக் காப்பிக் கடை வேண்டாமா? கடை வந்தது. பின்னாலேயே பீர்க் கடையும் மலிவான தங்கும் விடுதிகளும் வந்தன. கூட்டம் வந்தது. கூட்டத்தைத் தேடி வாத்தியக்காரர்கள் வந்தார்கள்.

பாபேஜ் எதையும் எண்ணிப் பார்க்கிறவர். இந்தத் தொந்தரவையும் எண்ணினார். சுமார் மூன்று மாத காலத்தில் 165 தடவை தம் வேலை தடைப்பட்டதாகக் குறித்து வைத்தார். தம்முடைய உழைக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கு தெருச் சங்கீதத்தால் நாசமாகிவிட்டது என்று கணக்குப் போட்டார். 1864-ல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் இதற்காக ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். சித்திரவதைக் கருவிகளுக்கு ஒரு பட்டியல்: ஆர்கனில் ஆரம்பித்து, முரசு, எக்காளம், அரைக்காசுச் சீட்டி, நம்மவர்களின் மத்தளம் வரை அதில் இடம்பெற்றிருக்கின்றன. அவற்றை ஆதரிக்கிறவர்களுக்கு இன்னொரு பட்டியல். மதுக் கடைக்காரர்கள், வேலைக்காரர்கள், குழந்தைகள், நாட்டுப்புறத்திலிருந்து ஊர் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதில் உண்டு.

எண்ணினதோடு அவர் நிற்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு போலீஸ்காரரைத் தேடிப் புறப்பட்டுவிடுவார். வாத்தியக்காரர்களைக் கோர்ட்டுக்கு இழுப்பார். இந்தச் செய்தி பரவிவிட்டது. பரவினால் கேட்க வேண்டுமா? கிழவரைச் சீண்டுவது தெருவுக்கே ஒரு விளையாட்டாகப் போய்விட்டது. அவர் போலீஸைத் தேடிப் போகும்போது பின்னாலேயே பையன்களும் ஆண்களும் பெண்களுமாகச் சில சமயம் நூறு பேர் கூவிக்கொண்டு போனார்கள். கடை ஜன்னல்களில் அவரைத் திட்டி அட்டை எழுதி வைத்தார்கள். ஒரு தடவை பித்தளை வாத்திய கோஷ்டி ஒன்று, நடுவில் கொஞ்சம் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, ஐந்து மணி நேரம் அவர் காதில் விழும்படி வாசித்தது. அண்டை வீட்டுக்காரர் ஒருவர், அவரை வதைப்பதற்கென்றே, ஓட்டை வாத்தியத்தை ஜன்னலருகில் வைத்துக்கொண்டு ஊதினார். ஆரம்பத்தில் அது பிழைப்புக்கான சத்தம். பிறகு அது பகைக்கான சத்தம். சண்டை போட்டதனால் பாபேஜுக்கு அமைதி கிடைக்கவில்லை, இரைச்சல்தான் இரட்டித்தது.

அவர் ஒருவர் மட்டும் என்றால் கிறுக்கு என்று தள்ளிவிடலாம். மற்றவர்களையும் பாருங்கள்.

'பஞ்ச்' பத்திரிகையின் புகழ்பெற்ற சித்திரக்காரர் ஜான் லீச். டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதைக்கு 1843-ல் படம் போட்டவர். அவருக்கு இருதய நோய். ஆர்கன் சத்தம் கேட்டால் உடம்பு பதறும். பிரன்ஸ்விக் சதுக்கத்து வீட்டை விட்டுக் கென்ஸிங்டனுக்குக் குடிபோனார். ஆர்கன் அங்கேயும் வந்தது. பேனாவால் பழி வாங்கினார்: ஆர்கன்காரனை அழுக்கும் பல்லுமாக, சில சமயம் குரங்கோடு சேர்த்து, படம் படமாக வரைந்து தள்ளினார்.

கார்லைல் வேறு உபாயம் தேடினார். செல்ஸியில் செய்னி ரோ என்ற தெருவில் 1834 முதல் அவருக்கு வீடு. அண்டை வீட்டுச் சேவல்களும் தெரு ஆர்கனும் சேர்ந்து அவரைப் படாதபாடு படுத்தின. 1853-ல் வீட்டு உச்சியில் இரட்டைச் சுவர் எழுப்பி, பக்கவாட்டு ஜன்னலே இல்லாமல், கூரையில் மட்டும் கண்ணாடி பதித்து, சத்தம் நுழையாத அறை ஒன்றைக் கட்ட ஏற்பாடு செய்தார். ஏராளமாகப் பணம் செலவாயிற்று. உள்ளே போய் உட்கார்ந்தார். கீழே கேட்ட சத்தங்கள் ஓரளவு அடங்கின. ஆனால் அதுவரையில் கேட்காத தூரத்துச் சத்தங்கள், ஆற்றுப் படகுகளின் ஊதலும் ரயிலின் கூவலும், கூரை வழியாக வந்து இறங்கின! பிரஷ்ய மன்னர் பிரடெரிக்கின் சரித்திரத்தை அந்த அறையில்தான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். பிற்காலத்தில் அந்த அறை வேலைக்காரப் பெண் படுத்துக்கொள்ளும் இடமாயிற்று. எஜமானருக்குப் போதாத அமைதி அவளுக்குப் போதுமானதாக இருந்தது போலும்.

இவர்களுடைய மனத்தாபத்துக்கு ஒரு காரணம் உண்டு. வக்கீல் கோர்ட்டுக்குப் போகிறார். வியாபாரி கடைக்குப் போகிறார். பகலில் தெருவில் எவன் என்ன வாசித்தால் அவர்களுக்கு என்ன? எழுத்தாளனுக்கும் சித்திரக்காரனுக்கும் வீடுதான் ஆபீஸ். அவர்கள் சத்தத்தைப் பற்றிப் புகார் சொன்னால், "வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு இவ்வளவு கோபமா?" என்று ஊரார் கேட்பார்கள். எழுதுவதும் ஒரு வேலைதான் என்பதை நிரூபிக்க வேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு ஏற்பட்டது. நானும் எழுதிப் பிழைக்கிறவன். ஆகையால் அவர்களுடைய கட்சியில் ஒரு காலை வைத்துக்கொண்டுதான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

மைக்கேல் பாஸ் என்பவர் டெர்பி நகரத்துப் பார்லிமெண்ட் அங்கத்தினர். தொழிலாளிகளிடம் அனுதாபம் உள்ளவர். பின்னால் ரயில்வே தொழிலாளர் சங்கம் உருவாவதற்கு உதவி செய்தவர். அவர்தான் 1864-ல் தெரு வாத்தியக்காரர்களை அடக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அவருடைய சொந்தத் தொழில் என்ன தெரியுமா? பீர் காய்ச்சுவது! பர்ட்டனில் இருந்த அவருடைய ஆலையின் பீர் தேசமெங்கும் பிரசித்தம். தெருச் சங்கீதத்தின் முதல் ஆதரவாளர்கள் மதுக் கடைக்காரர்கள் என்று பாபேஜ் பட்டியல் போட்டாரல்லவா? அந்தக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பியவரே சங்கீதத்தை நிறுத்தவும் வந்துவிட்டார்.

மசோதாவுக்கு ஆதரவாக வந்த கடிதங்களை பாஸ் ஒரு புத்தகமாகவே அச்சிட்டார். அதில் மிக முக்கியமான கடிதம் டிக்கன்ஸ் கையெழுத்திட்டது. அவரோடு டென்னிஸன், கார்லைல், வில்கி காலின்ஸ், சித்திரக்காரர்கள் மில்லே, ஹோல்மன் ஹண்ட், லீச் முதலியவர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தெரு வாத்தியக்காரர்களால் தங்கள் வேலை கெடுகிறது. பைத்தியம் பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டோம் என்பது கடிதத்தின் சாரம்.

அந்த வருஷத்தில் நடந்த இன்னொரு சம்பவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1864 ஏப்ரல் மாதம் இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டி இங்கிலாந்துக்கு வந்தார். லண்டன் தெருக்களில் லட்சக்கணக்கான ஜனங்கள் திரண்டு, தொண்டை கிழியக் கோஷம் போட்டு அவரை வரவேற்றார்கள். அன்று எழுந்த ஆரவாரத்தில் ஆயிரம் ஆர்கன்கள் அமுங்கிப் போயிருக்கும். டென்னிஸன் தம் வீட்டுக்கே கரிபால்டியை அழைத்து உபசரித்து, தோட்டத்தில் அவர் கையால் ஒரு மரம் நடச் செய்தார். அதே கவிஞர்தான் அதே வருஷத்தில் டிக்கன்ஸின் கடிதத்திலும் கையெழுத்திட்டார். குதிரை வண்டியில் வந்த இத்தாலியர் வீரர். பெட்டியைச் சுமந்து வந்த இத்தாலியன் தொல்லை. டென்னிஸனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மனிதனின் காது எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு அகப்படவில்லை.

1864 ஜூலையில் மசோதா சட்டமாயிற்று. முந்திய சட்டத்தில், நோயாளி இருந்தாலோ வேறு நியாயமான காரணம் இருந்தாலோ வாத்தியக்காரனைப் போகச் சொல்லலாம் என்று இருந்தது. எது நியாயமான காரணம் என்பதில் தகராறு வந்துகொண்டே இருந்தது. புதிய சட்டம், வீட்டில் உள்ளவர்களின் வழக்கமான வேலைக்குத் தடை ஏற்படுவதே போதுமான காரணம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. மறுத்தால் நாற்பது ஷில்லிங் வரை அபராதம் அல்லது மூன்று நாள் வரை சிறை. எழுதுவதும் வேலைதான் என்று சட்டமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று. எழுத்தாளர்களுக்கு அது வெற்றிதான்.

ஆனால் சட்டத்தின் வாசகத்தில் ஒரு சிறு விஷயம் இருக்கிறது. போகச் சொல்லும் உரிமை வீட்டு எஜமானருக்கு. அவர் தாமே நேரில் சொல்லலாம். அல்லது போலீஸ்காரர் மூலம் சொல்லலாம். அல்லது தம் வேலைக்காரர் மூலம் சொல்லி அனுப்பலாம்.

இந்த இடத்தில் அந்த வீட்டின் அமைப்பை மறுபடியும் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நடு மாடியில் எஜமானர் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். உச்சியில் குழந்தைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு ஆர்கன் பெட்டியை வேடிக்கை பார்க்கிறார்கள். கீழே பள்ளத்தில் பாத்திரம் துலக்கும் பெண் கிராதி வழியாக வரும் பாட்டைக் கேட்கிறாள். இசைநாடகக் கொட்டகைக்கு அவள் ஆயுளில் போக முடியாது. வெர்டியின் பாட்டு என்று ஒன்று இருப்பதே அந்தப் பெட்டி வராவிட்டால் அவளுக்குத் தெரியாது. வேலைக்காரர்கள்தாம் ஆர்கனுக்கு ஆதரவாளர்கள் என்று பாபேஜ் எழுதியது உண்மைதான். மாடியில் மணி அடிக்கிறது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுகிறாள். "அவனைப் போகச் சொல்" என்று உத்தரவு வருகிறது. அவள் வாசற்படியில் இறங்கி நின்று, தனக்குப் பிடித்த பாட்டைத் தன் வாயாலேயே நிறுத்தச் சொல்ல வேண்டும்!

அந்த வீட்டில் அவளும்தான் வசிக்கிறாள். நாள் முழுவதும் உழைக்கிறாள். பாட்டு இருந்தால் அவள் உழைப்புக்குச் சற்று ஆறுதல். ஆனால் "இருக்கட்டும்" என்று சொல்லும் உரிமையைச் சட்டம் யாருக்கும் கொடுக்கவில்லை. "போ" என்று சொல்லும் உரிமையைத்தான் கொடுத்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்நாளில் லண்டனின் பெரிய இரைச்சல் ஆர்கன் அல்ல. கருங்கல் பாவிய வீதியில் இரும்புப் பட்டை கட்டிய வண்டிச் சக்கரங்கள் உருண்ட சத்தந்தான். பணமுள்ளவர் வீட்டில் யாராவது அபாயமான நிலையில் படுத்துவிட்டால், வாசலுக்கு எதிரே தெருவில் கெட்டியாக வைக்கோலைப் பரப்புவார்கள். கதவைத் தட்டும் வளையத்துக்குத் துணி சுற்றி வைப்பார்கள். வைக்கோலைக் கண்டதும் தெருவில் போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்தச் சக்கரங்களைப் பற்றி 1864-ம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு சொல் கிடையாது. அடுத்த வீட்டு வரவேற்பறையில் வருகிற பியானோவைப் பற்றியும் கிடையாது. வண்டி வேண்டியவர்களுடையது, பியானோ வேண்டியவர்களுடையது. சத்தத்தை நாம் காதால் மட்டும் கேட்பதில்லை. யாருடையது என்று பார்த்த பிறகுதான் அது இரைச்சலா இல்லையா என்று தீர்மானிக்கிறோம். ஒலியை அளக்கும் கருவிகள் வந்த பிறகு ஆராய்ச்சி செய்தவர்களும், ஒருவருக்கு ஏற்படும் எரிச்சலில் ஒரு பகுதிக்குத்தான் ஒலியின் அளவு காரணம் என்று கண்டிருக்கிறார்கள்.

இதற்காக மேதைகளின் துன்பத்தைப் பொய் என்று சொல்லிவிடக் கூடாது. சட்டம் வந்த மூன்று மாதத்தில், 1864 அக்டோபர் 29-ம் தேதி, ஜான் லீச் இறந்து போனார். வயது 47. தெருச் சத்தந்தான் அவர் முடிவை விரைவுபடுத்தியது என்று நண்பர்கள் நம்பினார்கள். அவர் ஆர்கன்காரனை வரைந்த படங்களில் கொடுமை உண்டு; அவர் அனுபவித்த வேதனையிலும் பொய் கிடையாது. இரண்டும் உண்மையாக இருப்பதுதான் இந்தக் கதையில் உள்ள கஷ்டம்.

பாபேஜ் 1871 அக்டோபரில், எண்பது வயது நெருங்கும் சமயத்தில், அதே டார்செட் தெரு வீட்டில் காலமானார். ஆர்கன்காரர்களின் உபத்திரவத்தையும் மீறி அவர் இவ்வளவு காலம் இருந்தாரே என்று லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை இரங்கல் குறிப்பில் எழுதியது. கணக்கு யந்திரத்தைவிடத் தெருச் சண்டைதான் ஜனங்களுக்கு அப்பொழுது ஞாபகம் இருந்தது.

அவருடைய யந்திரத்தில் ஒரு விநோதம் உண்டு. கட்டி முடிக்காத அந்தப் பெரிய யந்திரத்தில், எந்தச் சக்கரம் எப்பொழுது அசைய வேண்டும் என்று ஆணையிடுவதற்கு அவர் உருளைகளை அமைத்திருந்தார். உருளையின் மேல் முளைகள். உருளை சுழலும்போது முளைகள் நெம்புகோலைத் தள்ளும். ஆர்கன் பெட்டிக்குள் இருந்ததும் அதே தத்துவந்தான்! தம் மூளைக்குள் எந்த உருளையைச் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாரோ, அதன் ஏழைத் தம்பி ஜன்னலுக்கு வெளியே வெர்டியைப் பாடிக்கொண்டிருந்தது. அவருடைய சிநேகிதி அடா லவ்லேஸ் சீமாட்டி 1843-லேயே ஒன்று சொல்லியிருந்தார்: சங்கீதத்தின் விதிகளைத் தகுந்தபடி எழுதிக் கொடுத்தால் இந்த யந்திரம் புதிய கீர்த்தனங்களையே இயற்றக்கூடும் என்று. இன்றைக்குக் கம்ப்யூட்டர் என்று நாம் வழங்குகிற யந்திரத்தின் மூதாதை பாபேஜின் யந்திரந்தான். அதன் பேரப் பிள்ளைகள் நம் சட்டைப் பைக்குள் உட்கார்ந்துகொண்டு, தெருவிலும் பூங்காவிலும் பாடிக்கொண்டிருக்கின்றன. தெருச் சங்கீதத்தை ஒழிக்கப் புறப்பட்டவரின் குலத்தில்தான் இந்தப் பாட்டுப் பெட்டிகள் பிறந்திருக்கின்றன.

ஆர்கன்காரர்களைச் சட்டம் ஒழித்துவிடவில்லை. சில தெருக்களை விட்டு வேறு தெருக்களுக்குத் துரத்தியது; அவ்வளவுதான். பிள்ளைகளை இப்படி ஊர் ஊராக அனுப்பிச் சம்பாதிப்பதை இத்தாலி தேசமே 1873-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. தோளில் தொங்கிய பெட்டி போய், சக்கரம் வைத்த பெரிய பெட்டி வந்தது. பிறகு கிராமபோனும் ரேடியோவும் வந்து, தெருவில் பாட்டுக் கேட்க வேண்டிய அவசியமே குறைந்துவிட்டது. தொல்லை தொலைந்ததும் அதன் மேல் ஆசை பிறந்தது. பழைய ஆர்கன் பெட்டிகளைப் பொருட்காட்சி சாலைகளில் வைத்துப் போற்றுகிறார்கள். கார்லைலின் சத்தமில்லாத அறையையும் ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

சண்டை மட்டும் தீரவில்லை. லண்டனில் லெஸ்டர் சதுக்கம் என்று ஓர் இடம் உண்டு. அங்கே வாத்தியக்காரர்கள் ஒலிபெருக்கி வைத்துப் பாடுவது தொல்லை என்று 2025-ல் ஒரு மாஜிஸ்திரேட் தீர்ப்பளித்தார். நகரசபை அங்கே தெருச் சங்கீதத்தை நிறுத்தியது. பெரிய சத்தம் என்பது முதல் குற்றம். அதே பாட்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது அடுத்த குற்றம். பாபேஜ் உயிரோடு இருந்திருந்தால் சாட்சி சொல்லப் போயிருப்பார். வாத்தியக்காரர்கள் என்ன சொன்னார்கள்? இதுதான் எங்கள் பிழைப்பு என்றார்கள். அந்த இத்தாலியப் பையனுக்கு ஆங்கிலம் சரியாகத் தெரிந்திருந்தால் அவனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

வீட்டுக்குச் சுவர் உண்டு. தெருவுக்குச் சுவர் கிடையாது. தெரு எல்லாருக்கும் பொது என்பதால் அங்கே எழும் சத்தமும் பொதுவாகிவிடுகிறது. ஒருவனுக்கு அமைதி வேண்டும் என்பது நியாயம். இன்னொருவனுக்கு அரிசி வேண்டும் என்பதும் நியாயம். இந்த இரண்டு நியாயத்துக்கும் நடுவில் சட்டம் வந்து நிற்கும்போது, அது பெரும்பாலும் மாடியில் இருப்பவரின் குரலைத்தான் கேட்டுக்கொள்கிறது. கீழே பள்ளத்தில் இருப்பவளை யாரும் கேட்பதில்லை.

நோயாளிக்காகத் தெருவில் வைக்கோல் பரப்பினார்களே, அதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஜனங்கள் தாங்களாகவே தாழ்த்திக்கொண்டார்கள். உள்ளே ஒருவர் துன்பப்படுகிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. அது போதுமாக இருந்தது. பாபேஜின் வீட்டு வாசலில் வைக்கோல் இல்லை. உள்ளே ஒரு கிழவர், தாம் பறிகொடுத்தவர்களையெல்லாம் நினைத்துக்கொண்டு, கட்டி முடியாத ஒரு யந்திரத்தோடு தனியாகப் போராடுகிறார் என்பது தெருவில் நின்றவர்களுக்குத் தெரியாது. வெளியே நின்ற பையனுக்கு அன்று இரவு மேஸ்திரியிடம் என்ன காத்திருக்கிறது என்பது கிழவருக்கும் தெரியாது.